போளை விழுந்த கிடங்கு

எங்கள் வளவின் தெற்கு மூலையில் ஒரு கிடங்கு இருக்கிறது, போர்க்காலத்தில் குண்டு விழுந்த குழி. வாய் அகலம் இப்போது எட்டு மீற்றர் வரும். ஒட்டுசுட்டானுக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊருக்கு 2011 இல் திரும்பி வந்தபோது, அதற்குள் ஒரு ஆள் இறங்கி நின்றால் தலை தெரியாது. மிதிவெடி அகற்றுகிறவர்கள் வளவு முழுக்கத் தடவிப் பார்த்து, பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போன பிறகும், அம்மா ஒரு வருடம் அந்தப் பக்கம் போகவில்லை. அப்புறம் போய் அதன் ஓரத்தில் வாழைக்குட்டி வைத்தார். ஏழு குட்டி. ஒன்றும் பிடிக்கவில்லை.

அது என்ன குண்டு என்பதில் எங்கள் வீட்டில் ஒரு தீராத வழக்கு உண்டு. தம்பி 250 கிலோ என்பான். பக்கத்து வளவு அண்ணை 500 கிலோவுக்குக் குறையாது என்பார். இருவருக்கும் ஆதாரம் ஒன்றுதான்: கிடங்கின் அகலம். நான் அந்த நேரம் வவுனியாவில் படித்துக்கொண்டிருந்தேன். பாதை பூட்டு. குண்டு விழுந்ததைக் கண்டவர்கள் கதைக்கும்போது காணாதவர்கள் வாய் திறப்பதில்லை என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். அதனால் இத்தனை வருடமும் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்.

வழக்கை மறுபடி கிளப்பியது என் மகன். தரம் எட்டு. புத்தகத்தில் சந்திரனின் படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, பெரிய கல் விழுந்தால் பெரிய கிடங்கு, சின்னக் கல் விழுந்தால் சின்னக் கிடங்கு. அவ்வளவுதானே?" என்றான். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற ரீச்சர். அவ்வளவுதான் என்று சொல்லவும் மனம் வரவில்லை, அவ்வளவு இல்லை என்று வாயால் விளக்கவும் மனம் வரவில்லை. "போட்டுப் பார்" என்றேன். அதோடு அந்த மாதத்துச் சனி ஞாயிறெல்லாம் போயிற்று.

மணலில் போளையை, அதாவது விளையாடுகிற கண்ணாடிக் கோலியை, மேலேயிருந்து போட்டுப் பார்ப்பது என்று முடிவு. வீடு பூசிய மிச்ச மணல் இருந்தது. அரித்து, சாக்கில் பரப்பி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தோம். உடுப்புத் தோய்க்கிற பெரிய பேசினில் நிரப்பினோம். முதலில் வாளியில்தான் செய்தான். ஆனால் வாளியின் சுவர் கிட்ட இருந்தால் மணல் அதில் இடித்துத் திரும்பி வருகிறது, கிடங்கு நேராக வராது. மேலே வளவுச் செம்மண்ணைத் தேயிலை வடியால் மெல்லிசாகத் தூவினோம். வெள்ளை மணலுக்கு மேல் சிவப்புப் போர்வை. போளை விழுந்ததும் உள்ளேயிருந்த வெள்ளை வெளியே சிதறிச் சிவப்பின் மேல் விழும். எது எங்கே போனது என்று கண்ணுக்குத் தெரியும்.

முதல் நாள் அளந்த எண்கள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. ஒரே போளை, ஒரே உயரம், ஆனால் ஒருமுறை ஐந்து சென்ரிமீற்றர், மறுமுறை ஆறரை. காரணம் பிடிக்க ஒரு பின்னேரம் எடுத்தது. ஒவ்வொரு முறையும் மகன் பேசினைத் தட்டித் தட்டித்தான் மணலை மட்டப்படுத்தினான். தட்டத் தட்ட மணல் இறுகுகிறது. இறுகிய மணலில் கிடங்கு சிறுக்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் அகப்பைக் காம்பால் கிளறிவிட்டு, அடிமட்டத்தின் விளிம்பால் ஒரே இழுவையில் மட்டப்படுத்தினோம். இன்னொரு சண்டை, எங்கிருந்து எங்கே அளப்பது என்பது. உள்சரிவு தொடங்கும் இடமா, வரம்பின் உச்சியா? வரம்பு உச்சியிலிருந்து எதிர் வரம்பு உச்சி என்று முடிவாயிற்று. ஒவ்வொரு உயரத்திலிருந்தும் ஐந்து தரம் போட்டு நடுக்கணக்கு எடுத்தோம்.

கண்ணாடிப் போளை, குறுக்களவு 1.6 சென்ரிமீற்றர். கால் மீற்றரிலிருந்து போட்டால் கிடங்கு 4.2 சென்ரிமீற்றர். அரை மீற்றரிலிருந்து 5. ஒரு மீற்றரிலிருந்து 5.9. கதிரையில் ஏறி இரண்டு மீற்றரிலிருந்து 7.

மகனுக்கு ஏமாற்றம். "இரண்டு மடங்கு உயரத்துக்கு ஏறினால் கிடங்கும் இரண்டு மடங்காக வேண்டாமா?" என்றான். சரி, இரண்டு மடங்குக் கிடங்கு வர எவ்வளவு உயரம் வேண்டும் என்று பார்க்க மாமரத்தில் ஏறினான். நான்கு மீற்றர். கீழே பேசின் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவில்தான் தெரிந்திருக்கும். பதினொரு போளை வெளியே போனது, ஒன்று கோழியில் பட்டது, நாலைந்து மட்டும் ஒழுங்காக விழுந்தன. எட்டரை சென்ரிமீற்றர்! கால் மீற்றரில் கிடைத்ததன் இரண்டு மடங்கு. உயரமோ பதினாறு மடங்கு.

அடுத்தது பாரம். ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்தவன் கையை விரித்து ஒரு இரும்புக் குண்டைக் காட்டினான். போளையின் அளவுதான். எனக்கு அடிவயிற்றில் சில்லென்றது. "எங்க எடுத்தனி? காட்டுக்கையா?" குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது. "இல்லையம்மா, கராஜில. உழவு மெஷின்ர பெயாரிங்." வாங்கிப் பார்த்தேன். கிறீஸ் வாசம். பிறகும் கராஜுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டுவிட்டுத்தான் அவனிடம் கொடுத்தேன். இந்த ஊரில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இரும்புக் குண்டு அதே பருமன், பாரம் கண்ணாடியைப் போல் மூன்று மடங்கு. ஒரு மீற்றரிலிருந்து போட்டால் 7.8. அப்போதுதான் மகளுக்கு ஒரு யோசனை வந்தது. அவள் தரம் ஐந்து, தமையனின் ஆராய்ச்சியில் போளை பொறுக்குகிற வேலை மட்டும் கிடைத்தவள். "பாரமானதைப் பதிவாப் போடு, பாரமில்லாததை உயரத்திலிருந்து போடு. எப்ப சமனா வருமெண்டு பாப்பம்." செய்தோம். இரும்பை ஒரு மீற்றரிலிருந்தும் கண்ணாடியை மூன்று மீற்றரிலிருந்தும் போட்டால் இரண்டு கிடங்கும் அச்சொட்டாக ஒன்று. பாரம் மூன்று மடங்கு, உயரம் மூன்றில் ஒன்று. இரண்டையும் பெருக்கினால் வருகிற சக்தி ஒன்றுதான். மணலுக்கு அது மட்டுமே கணக்கு.

தான் ஒரு பெரிய ஆளின் பரிசோதனையைத் திரும்பச் செய்தாள் என்று அவளுக்குத் தெரியாது. 1720களில் ஒல்லாந்து நாட்டின் லெய்டனில் க்ராவசாண்ட என்ற பேராசிரியர் ஒரே பருமனும் வெவ்வேறு பாரமும் உள்ள பித்தளைக் குண்டுகளை மெத்தென்ற களிமண்ணில் போட்டுப் பார்த்தார். விழும் பொருளின் வலு வேகத்தோடு வளர்கிறதா, வேகத்தின் வர்க்கத்தோடு வளர்கிறதா என்று ஐரோப்பா முழுக்க அப்போது பெரிய சண்டை. பாரத்துக்கு எதிர்விகிதமாக உயரத்தை வைத்தால் குழிகள் சமனாக வந்தன. உயரம் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், வர்க்கம்தான் என்று அவர் முடிவு செய்தார். அதே ஆண்டுகளில் அதே ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையில் இருந்துகொண்டு வன்னி யானைக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி, அது வேறு கதை.

ஆனால் பதினாறுக்கு ஏன் இரண்டு? இதற்கு விடை சொன்னது நான் இல்லை, தம்பி. அவனுக்குத் தொழில் கிணறு வெட்டுவது. பின்னேரத் தேத்தண்ணிக்கு வந்தவனிடம் மருமகன் தன் கொப்பியை நீட்டினான். தம்பி எண்களைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இது கிணத்துக் கணக்கடா. அகலத்தையும் ஆழத்தையும் இரண்டு மடங்காக்கச் சொன்னால் நான் இரண்டு மடங்கு கூலியே கேட்பன்? மண் எட்டு மடங்கு. அதைத் தூக்கி வெளியில கொட்டுற தூரமும் இரண்டு மடங்கு. எட்டிரண்டு பதினாறு."

நான் கல்லூரியில் படித்த நாலாம் மூலத்தை, இரண்டை நாலு தரம் பெருக்கினால் பதினாறு என்ற கணக்கை, இவ்வளவு லேசாக யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. உலர்ந்த மணலில் போளை செய்வதும் கிணறு வெட்டுகிற வேலைதான். மண்ணைத் தூக்கி வரம்புக்கு வெளியே போடுகிறது. கையில் இருக்கிற சக்தி கூலி. பதினாறு மடங்கு கூலி கொடுத்தால்தான் இரண்டு மடங்கு கிடங்கு.

"ஆனால்," என்றான் தம்பி, பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டே, "கல்லு வந்தா கணக்கு வேறை. அங்க தூக்கிறது பெரிசில்லை, உடைக்கிறதுதான் பெரிசு." அதுவும் சரி. இறுக்கமான நிலத்தில் மண்ணைப் பிரித்தெடுக்கவே சக்தி போய்விடும். அங்கே எட்டு மடங்குக்கு இரண்டு மடங்கு என்ற கணக்கு வரும். அடுத்த நாள் மணலில் இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றிக் கலந்து போளையைப் போட்டோம். இரண்டு மீற்றரிலிருந்து விழுந்தது ஒரு தழும்பைத்தான் விட்டது, போளையைவிடக் கொஞ்சம் அகலம். வரம்பும் இல்லை, சிதறலும் இல்லை. ஈரம் மணலை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கிறது. அதே போளை, அதே உயரம், நிலம் மட்டும் வேறு.

இதை அம்மாவுக்குக் காட்டியபோது அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வயலுக்க விழுந்த செல்லும் றோட்டில விழுந்த செல்லும் ஒண்டே?" என்றார். செல், அதாவது பீரங்கிக் குண்டு, சேறான வயலில் விழுந்தால் ஆழமாக உள்ளே போய்விடும். வெடிக்கும்போது சேற்றைத்தான் அள்ளி எறியும். தார் வீதியில் விழுந்தால் ஒரு தாச்சி அளவுதான் கிடங்கு, ஆனால் துண்டுகள் நாலு பக்கமும் நிலத்தோடு நிலமாகச் சீவிக்கொண்டு போகும். சின்னக் கிடங்குக்குப் பக்கத்தில்தான் செத்தவர்கள் அதிகம். அம்மா இதைச் சொல்லிவிட்டுச் சுளகில் அரிசியைப் புடைக்கத் தொடங்கினார். மகன் கொப்பியில் எதையும் எழுதவில்லை.

கிடங்கைப் பார்த்து விழுந்ததன் அளவைச் சொல்லப்போய் வாழ்க்கையையே விட்டவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் 1.2 கிலோமீற்றர் அகலமும் 170 மீற்றர் ஆழமுமான பெரும் பள்ளம் இருக்கிறது. சுற்றிலும் இரும்புத் துண்டுகள் கிடந்தன. பாரிஞ்சர் என்ற சுரங்க முதலாளி 1903 இல் அங்கே இறங்கினார். இத்தனை பெரிய பள்ளம் என்றால் அடியில் மலைபோல இரும்பு இருக்க வேண்டும், கோடிக்கணக்கான தொன், தோண்டினால் பணம். எங்கள் பக்கத்து வளவு அண்ணையின் அதே தர்க்கம். கால் நூற்றாண்டுக்கு மேல் துளைத்தார்கள். மலை அகப்படவில்லை. 1929 இல் மோல்ட்டன் என்ற வானியலாளர் கணக்குப் போட்டு, வந்தது மூன்று லட்சம் தொன் அளவில்தான் இருக்கும், அதுவும் மோதலில் பெரும்பாலும் ஆவியாகியிருக்கும் என்று அறிக்கை கொடுத்தார். அந்த ஆண்டே பாரிஞ்சர் காலமானார். இன்றைய கணக்குப்படி அங்கே சுமார் 50,000 ஆண்டுக்கு முன் விழுந்தது ஏறக்குறைய 50 மீற்றர் இரும்புக் கல். பள்ளம் அதைப் போல் இருபது மடங்குக்கும் மேல்.

எங்கள் போளைக்கு ஒரு மீற்றரிலிருந்து கிடங்கு நாலு மடங்குகூட வரவில்லையே என்று மகன் கேட்டான். வேகம்தான். ஒரு மீற்றர் விழுந்த போளை செக்கனுக்கு நாலரை மீற்றரில் மணலைத் தொடுகிறது. வானத்துக் கல் செக்கனுக்கு 11 கிலோமீற்றருக்குக் குறையாமல் வரும். செக்கனுக்கு மூன்று கிலோமீற்றர் வந்தாலே ஒரு கிலோ கல்லிடம் ஒரு கிலோ ரி.என்.ரி. வெடிமருந்தின் சக்தி சேர்ந்துவிடும். இருபது கிலோமீற்றரில் அது நாற்பது மடங்கைத் தாண்டும். அந்த வேகத்தில் கல் மண்ணைக் குத்துவதில்லை, குண்டுபோல வெடிக்கிறது. சந்திரனில் பள்ளங்கள் எல்லாம் வட்டமாக இருப்பதற்கும் இதுதான் காரணம். சரிந்து வந்தாலும் வெடிப்பு நாலு பக்கமும் சமனாகத்தான் தள்ளும். மிகவும் படுத்துக்கொண்டு வந்தால் மட்டும் நீள்வட்டம். நாங்கள் போளையைச் சரிவாக எறிந்தபோது வந்ததெல்லாம் படகுபோல நீண்ட கிடங்குகள். எங்கள் கையில் அந்த வேகம் இல்லை.

ஆனால் வட்டக் கிடங்கிலும் திசை ஒளிந்திருக்கும், சிதறலில். செல் எந்தப் பக்கத்தால் வந்தது என்பதைக் கிடங்கைச் சுற்றி மண் விசிறிய விதத்தைப் பார்த்தே சொல்கிற ஆட்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். சந்திரனில் புரோக்ளஸ் என்ற பள்ளத்திலிருந்து வெள்ளைக் கதிர்கள் விசிறிபோலப் போகின்றன; ஒரு பக்கம் மட்டும் வெறுமை. கல் அந்தப் பக்கத்தால்தான் சரிந்து வந்திருக்கிறது என்று வானியலாளர்கள் சொல்கிறார்கள்.

கதிர் என்றதும் கோழிக்கு வரவேண்டும். மட்டப்படுத்திய மணலில் போளை போட்டால் வெள்ளை மணல் ஒரு வளையமாகத்தான் விழும், கதிர் வராது. ஒருநாள் பேசினை மூடாமல் விட்டுவிட்டோம். கோழி ஏறிக் கிளறியிருந்தது. மகள் அதை மட்டப்படுத்தாமலே போளையைப் போட்டாள். சிவப்பின் மேல் ஏழெட்டு வெள்ளைக் கதிர்கள், பௌர்ணமிச் சந்திரனில் தைக்கோ என்ற பள்ளத்தைப் பார்த்த மாதிரி. இது ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான் என்று பிறகு அறிந்தேன். ஜப்பானின் ஒகினாவாவில் இருந்த ஆய்வாளர்கள், பள்ளிப் பிள்ளைகள் இதே பரிசோதனையைச் செய்யும் யூரியூப் காணொளிகளைப் பார்த்தபோது பிள்ளைகளுக்குக் கதிர் வருவதைக் கவனித்தார்கள். பிள்ளைகள் மணலை ஒழுங்காக மட்டப்படுத்துவதில்லை! மேடுபள்ளம்தான் சிதறலைக் கதிர்களாகத் திரட்டுகிறது என்று 2018 இல் எழுதினார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பெருமை கோழிக்கு.

கூலி விஷயத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். தூக்குகிற கூலி குறைந்தால் அதே காசுக்குப் பெரிய கிணறு வெட்டலாம். ஈர்ப்பு குறைந்த இடத்தில் மண் பாரமில்லை, தூக்குவது சும்மா. ஜப்பானின் ஹயபுசா-2 விண்கலம் 2019 ஏப்ரலில் ரியுகு என்ற குறுங்கோளின் மேல் இரண்டு கிலோ செப்பை செக்கனுக்கு இரண்டு கிலோமீற்றர் வேகத்தில் அடித்தது. அந்தச் சக்தி ஒரு கிலோ ரி.என்.ரி. அளவுதான். கிடங்கு 14 மீற்றருக்கு மேல். ரியுகுவின் மேல் மண்ணோ ஒன்றோடொன்று ஒட்டாத சரளைக் குவியல். ஈர்ப்போ பூமியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு கிலோவுக்கு 14 மீற்றர் என்று கேட்டதும் தம்பி தன் 250 கிலோவை யோசித்தபடி தெற்கு மூலையைப் பார்த்தான்.

பிறகு எல்லோருமாக அங்கே போனோம். மகன் அளக்கும் நாடாவோடு. வரம்பு உச்சியிலிருந்து எதிர் உச்சி, அவனுக்கு இப்போது அது பழக்கம். வரம்பைத் தம்பி மண்வெட்டியால் ஒரு முழம் சீவினான். மேலே கிரவல், சரளை மண். அதற்குக் கீழே செம்மண். எங்கள் வளவில் எங்கே வெட்டினாலும் செம்மண் மேலே, கிரவல் கீழே, இங்கே தலைகீழ். கிடங்கின் அடியிலிருந்தது கடைசியாக வந்து மேலே கவிழ்ந்திருக்கிறது. அரிசோனாப் பள்ளத்தின் வரம்பிலும் பாறைப் படைகள் இப்படிப் புரட்டிப் போட்ட பாய்போலக் கிடப்பதை 1960 வாக்கில் ஷூமேக்கர் என்ற நிலவியலாளர் காட்டினார். நெவாடாவில் அணுகுண்டு வெடித்த கிடங்குகளிலும் அதே புரட்டலைப் பார்த்திருந்ததால்தான் அவருக்கு அது பிடிபட்டது.

"அதுதான் வாழை பிடிக்கேல்லை," என்றார் அம்மா. "கிரவலுக்க வைச்சிருக்கிறன்."

மகன் கொப்பியில் கட்டம் கீறினான். அகலம்: 8.1 மீற்றர். ஆழம்: தெரியாது, வண்டல் நிரம்பிவிட்டது. மண்: செம்மண், கீழே கிரவல். ஈரம்: தெரியாது. எத்தனை கிலோ: அந்தக் கட்டம் வெறுமை. ஈரம் தெரியாமல் அதை நிரப்ப முடியாது என்று மாமனுக்கு அவன் விளக்கிக்கொண்டிருந்தான். 250 என்று போடச் சொல்லி மாமன் நின்றான்.

"ஈரமோ?" என்றார் அம்மா. "அது விழேக்க மாரியடா. மூண்டு நாள் விடாத மழை. கிணத்துக்கட்டு மட்டும் தண்ணி நிண்டது. அது விழுந்து நாலாம் நாள்தானே நாங்கள் வெளிக்கிட்டனாங்கள்."

இத்தனை வருடத்தில் இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. மகன் அழிறப்பரை எடுத்து, ஈரத்துக்கு நேரே இருந்த 'தெரியாது' என்பதை அழித்தான்.